பாரிஸில் பெர்த் மொரிஸோ: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸில் குடியிருந்தால் ஒரு கூடுதல் வேலை தானாக வந்து சேரும்: ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துக்கொண்டு சுற்றுவது. ஐஃபில் கோபுரம், லூவ்ர், லா சப்பலில் ஒரு தோசை என்று முடிந்துவிடும் பயணத்தில், நான் பிடிவாதமாக ஓர் அரை நாளைப் பெர்த் மொரிஸோ என்ற ஓவியருக்கு ஒதுக்குவேன். வழியில் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களையும் எழுதி வைத்துவிட்டேன்.

யாருங்க இந்த பெர்த் மொரிஸோ? நான் கேள்விப்பட்டதே இல்லையே.

இம்ப்ரஷனிஸ்ட் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1841 ஜனவரியில் பிரான்ஸின் பூர்ஜ் நகரில் பிறந்தார், வளர்ந்தது பாரிஸின் பாஸி பகுதியில். வசதியான அரசு அதிகாரி வீட்டுப் பெண். 1874 ஏப்ரலில், அரசு சார்ந்த சலோன் கண்காட்சி வேண்டாம் என்று மொனே, ரெனுவார், தெகா, பிஸாரோ, சிஸ்லே ஆகியோர் சொந்தமாகக் கண்காட்சி வைத்தபோது அவர்களோடு தன் படங்களையும் மாட்டினார். அதற்கு முன் பத்து வருடமாக சலோன் அவர் படங்களை ஏற்றுக்கொண்டுதான் இருந்தது. இடம் கிடைக்காமல் வெளியே வந்தவர் அல்ல.

1886 வரை அந்தக் குழு எட்டுக் கண்காட்சிகள் வைத்தது. ஏழில் பெர்த் பங்கெடுத்தார். விட்டது 1879இல் நடந்த ஒன்றை மட்டும். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மகள் ஜூலி பிறந்திருந்தாள். ரெனுவாரும் மொனேவும் இதைவிட அதிகக் கண்காட்சிகளைத் தவறவிட்டார்கள். ஆனாலும் குழுவின் பெயரைச் சொன்னதும் யார் முகம் நினைவுக்கு வருகிறது என்று பாருங்கள்.

இம்ப்ரஷனிசம்னா என்னன்னு ரெண்டு வரியில சொல்லுங்களேன், படம் பார்க்கும்போது தலையாட்டணும்ல?

ஒரு பொருள் எப்படிப்பட்டது என்பதை விட, இந்த வெளிச்சத்தில் இந்த நிமிஷம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை வரைவது. அதனால் கோடு குறைவு, தூரிகைத் தீற்றல் அதிகம். நிழலிலும் கறுப்புக்குப் பதில் நீலமும் ஊதாவும் வரும். புராணம், போர், ராஜா இல்லை. பக்கத்து வீட்டுத் தோட்டம் போதும்.

குழாயில் அடைத்த எண்ணெய் வண்ணம் வந்த பிறகே தோட்டத்துக்குப் போய் வரைவது சுலபமானது. அந்தத் தகரக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கிய வருடம் 1841. பெர்த் பிறந்த அதே வருடம். இது வெறும் தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும்.

மனே, மொனே, மொரிஸோ... எல்லாம் ஒண்ணு போலவே காதுல விழுதே?

பிரெஞ்சுக்காரர்களே குழம்பியிருக்கிறார்கள், நீங்கள் கவலைப்பட வேண்டாம். க்ளோத் மொனே: அல்லிக் குளம் வரைந்தவர். எதுவார் மனே: அவரைவிட மூத்தவர், கறுப்பு நிறத்தில் கைதேர்ந்தவர், இம்ப்ரஷனிஸ்ட் கண்காட்சிகள் ஒன்றில்கூடப் பங்கேற்காதவர். எதுவாரின் தம்பி யூஜின் மனே பெர்த்தின் கணவர். 1874 டிசம்பரில் கல்யாணம். ஆக, எதுவார் மனே அவருக்கு மூத்தார் முறை.

கல்யாணத்துக்குப் பிறகும் பெர்த் தன் படங்களைப் பெர்த் மொரிஸோ என்ற பெயரில்தான் காட்சிக்கு வைத்தார். அந்தக் காலத்துக்கு இது சாதாரணம் இல்லை. அருங்காட்சியகத்தில் பெயர்ப்பலகை படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஜூலி மனே என்று பார்த்தால் மகள். யூஜின் மனே என்று பார்த்தால் கணவர். இருவரும் அந்தப் படச் சட்டங்களுக்குள் அடிக்கடி வருவார்கள்.

அவங்க படமெல்லாம் லூவ்ர்லதானே இருக்கும்?

இல்லை. லூவ்ர் அவருக்குப் பள்ளிக்கூடம். அவர் காலத்தில் அரசுக் கலைக்கல்லூரியில் பெண்களுக்கு இடம் கிடையாது, கதவு திறந்ததே 1897இல். எனவே பெர்த்தும் அக்கா எட்மாவும் தனி ஆசிரியரிடம் கற்றுக்கொண்டு, லூவ்ரில் பழைய மேதைகளின் படங்களுக்கு முன் ஈசலை (படம் வரையும் தாங்கியை) போட்டு நகல் எடுத்துப் பழகினார்கள். எதுவார் மனேவை 1868இல் முதலில் சந்தித்ததும் அங்கேதான்.

சகோதரிகளுக்குச் சொல்லிக்கொடுத்த கிஷார், உங்கள் பெண்கள் பொழுதுபோக்குக்கு வரைகிறவர்களாக நிற்க மாட்டார்கள், ஓவியர்களாகவே ஆகிவிடுவார்கள், உங்களைப் போன்ற குடும்பத்தில் அது புரட்சி, ஏறக்குறைய ஒரு பேரிடர் என்று அவர்கள் அம்மாவை எச்சரித்தார். அம்மா பாடத்தை நிறுத்தவில்லை. அந்த அம்மாவுக்கும் ஒரு கும்பிடு.

அப்ப எங்க போகணும்? ஒரே இடத்துல பார்க்க முடியாதா?

ஏறக்குறைய முடியும். நகரின் மேற்கே பதினாறாம் வட்டாரத்தில் இருக்கும் மார்மொத்தான் மொனே அருங்காட்சியகத்தில்தான் பெர்த் படங்களின் உலகிலேயே பெரிய தொகுப்பு இருக்கிறது. பெயரில் மொனே இருப்பதால் பாதிப் பேர் அல்லிக் குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கூட்டம் முழுவதும் கீழ்த்தளத்தில் மொனே முன்னால் நெரிபடும்போது, பெர்த் அறையில் நீங்கள் நிம்மதியாக நிற்கலாம்.

அங்கே எப்படி வந்தது என்பது ஒரு குடும்பக் கதை. பெர்த் 1895 மார்ச்சில் 54 வயதில் இறந்தார். மகளுக்குக் காய்ச்சல், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவருக்கு நிமோனியா வந்துவிட்டது. தகப்பன் மூன்று வருடம் முன்பே போய்விட்டார், ஜூலிக்கு அப்போது பதினாறு வயது. கவிஞர் மல்லார்மே பாதுகாவலராக இருந்தார். அம்மாவின் படங்களை ஜூலி விற்றுத் தீர்க்கவில்லை, சுவரிலும் பரணிலுமாகக் காப்பாற்றினாள். ஜூலியின் மகன் தெனி ருவார், அவர் மனைவி ஆனி. ஆனி விட்டுச்சென்ற உயிலின்படி அந்தக் குடும்பச் சொத்து 1990களில் மார்மொத்தானுக்கு வந்தது. எண்ணெய் ஓவியம் மட்டுமில்லாமல் நீர்வண்ணம், பேஸ்டல் (வண்ணக்கட்டி), பென்சில் கோட்டோவியம் எல்லாம் உண்டு. காகிதத்தில் வரைந்தவை வெளிச்சத்தில் மங்கும் என்பதால் அவற்றை மாற்றி மாற்றித்தான் வெளியே எடுப்பார்கள்.

என் யோசனை: முதலில் மார்மொத்தான், பிறகு ஓர்சே அருங்காட்சியகம். எல்லாரும் தலைகீழாகப் போகிறார்கள். ஓர்சேயில் அவர் பத்துப் பேரில் ஒருவராக நிற்பார், பக்கத்தில் மனே வரைந்த அவர் முகம் வேறு தொங்கும், கண் அதற்கே ஓடிவிடும். மார்மொத்தானில் அந்தத் தொந்தரவு இல்லை.

மார்மொத்தான் ரொம்பத் தூரமாமே? எப்படிப் போறது?

தூரமெல்லாம் இல்லை, மெட்ரோவில் ஒன்பதாம் பாதையில் லா முயெத் நிலையம். இறங்கி ரானெலா பூங்காவைக் கடந்தால் பத்து நிமிஷ நடை. லா சப்பல், கார் து நோர் பக்கம் தங்கியிருப்பவர்கள் லா சப்பலில் இரண்டாம் பாதை பிடித்து எத்துவாலில் இறங்கி, ஆறாம் பாதையில் த்ரொகாதெரோ வந்து, அங்கிருந்து ஒன்பதில் ஏறலாம். இரண்டு முறை மாற வேண்டும், அவ்வளவுதான். ஆறாம் பாதை முழுக்க உட்கார்ந்து ஸேன் நதியைத் தாண்டிவிடாதீர்கள், த்ரொகாதெரோ அதற்கு முன்பே வந்துவிடும்.

அங்கிருந்து ஓர்சேக்கு வரப் பக்கத்திலேயே புலான்வில்லியே நிலையத்தில் ஆர்.ஈ.ஆர். சி பாதை ரயில் ஏறினால் மாறாமல் ஓர்சே வாசலில் இறங்கலாம். கோடைகாலத்தில் பராமரிப்பு வேலைக்காக அந்தப் பாதையின் நடுப்பகுதியை வாரக்கணக்கில் மூடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். என் மாமியாரை நடுவெயிலில் பாதித் தூரம் நடக்க வைத்த பாவம் எனக்கு இருக்கிறது.

என்னைக்குப் போகலாம்? டிக்கெட் முன்னாடியே வாங்கணுமா?

திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம். மார்மொத்தான், ஓர்சே இரண்டும் அன்று விடுமுறை. லூவ்ர் செவ்வாய் விடுமுறை என்பதால் இவையும் அப்படித்தான் என்று நினைத்துத் திங்களன்று வந்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். எனக்குப் பிடித்த நாள் வியாழன். அன்று ஓர்சே இரவு 9.45 வரை, மார்மொத்தான் 9 மணி வரை திறந்திருக்கும். மதியம் மார்மொத்தான், மாலை ஓர்சே என்று ஒரே நாளில் முடிக்கலாம், கூட்டமும் குறைவு.

ஓர்சேக்கு முன்பதிவு செய்யாமல் வரிசையில் நிற்பது வீண். மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சே எல்லாருக்கும் இலவசம், ஆனால் அதற்கும் நேரம் பதிவு செய்ய வேண்டும், கூட்டம் திருவிழாவாக இருக்கும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு எந்த நாளும் இலவசம், எந்த நாட்டுக் குழந்தையாக இருந்தாலும் சரி. பலரும் வாங்கிக்கொண்டு வருகிற பாரிஸ் மியூசியம் பாஸ் மார்மொத்தானில் செல்லாது. அது அரசு நடத்துவதல்ல, நுண்கலை அகாடமிக்குச் சொந்தமானது. தனி டிக்கெட்தான்.

ஓர்சேயில எந்தெந்தப் படத்தைத் தேடணும்?

பழைய ரயில் நிலையம் அது. மேல்தளத்தில், பெரிய கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இம்ப்ரஷனிஸ்ட் கூடங்களுக்கு நேராகப் போய்விடுங்கள். ‘தொட்டில்’ (1872), ‘வண்ணத்துப்பூச்சி வேட்டை’ (1874), ‘கோதுமை வயலில்’ (1875), ‘முகத்துக்குப் பவுடர் பூசும் இளம்பெண்’ (1877), ‘பால் நடன உடையில் இளம்பெண்’ (1879; பால் என்றால் ball, நடன விருந்து), ‘ஹைட்ரேஞ்சியா’ (1894) ஆகியவை அவர்களிடம் இருக்கின்றன. எல்லாமே எப்போதும் சுவரில் இருக்கும் என்று நம்பாதீர்கள். ஓவியங்களும் ஊர் சுற்றும், வேறு நாட்டுக் கண்காட்சிக்குக் கடனாகப் போகும். ஓர்சேயின் இணையதளத்தில் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அது எந்த அறையில் இருக்கிறது, காட்சியில் இல்லையா என்று போட்டிருப்பார்கள். கிளம்பும் அன்று காலை ஒரு தடவை பாருங்கள்.

பால் நடன உடைப் படத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு. 1894இல் ஓர் ஏலத்துக்கு வந்தபோது மல்லார்மே அரசு அதிகாரிகளிடம் பேசி அதை வாங்க வைத்தார். பெர்த் உயிரோடு இருந்தபோது அரசு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்த படம் அது. அடுத்த வருடம் அவர் இல்லை.

‘தொட்டில்’ படம் பார்த்தேன். அம்மாவும் குழந்தையும், அதுவும் இத்தனூண்டு. இதுல என்ன விசேஷம்?

56க்கு 46 சென்டிமீட்டர்தான், உண்மை. ஆனால் இரண்டு நிமிஷம் கொடுங்கள். தொட்டில் மேல் ஒரு வலைத்துணி தொங்குகிறது. குழந்தை முழுக்க அந்தத் துணிக்குப் பின்னால். அம்மா துணிக்கு இந்தப் பக்கம், நம் பக்கம். அவள் விரல் துணியைப் பிடித்திருக்கிறது. நமக்கும் குழந்தைக்கும் நடுவே அதை இழுத்து விடுகிறாள். வெள்ளை என்று நாம் நினைப்பது நீலமும் சாம்பலும் ரோஜாவும் கலந்தது. கிட்டப் போனால் வெறும் தீற்றல், மூன்றடி பின்னால் வந்தால் துணி மூச்சு விடுவதுபோல இருக்கும். அம்மாவின் மடங்கிய கையும் உள்ளே தூங்கும் குழந்தையின் மடங்கிய கையும் ஒன்றுக்கொன்று கண்ணாடி.

அந்த அம்மா வேறு யாருமில்லை, மேலே லூவ்ர் பதிலில் சொன்ன அக்கா எட்மா. குழந்தை எட்மாவின் மகள் பிளான்ஷ். இரண்டு பெண்களும் பத்து வருடத்துக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் நின்று வரைந்தவர்கள். 1869இல் எட்மா ஒரு கடற்படை அதிகாரியைக் கட்டிக்கொண்டு ஊர் மாறிப் போனாள், ஓவியமும் போயிற்று. மூன்று வருடம் கழித்து, வரைவதை விட்ட அக்காவை வரைவதை விடாத தங்கை பார்க்கிறாள். அந்த முகத்தில் இருப்பது பூரிப்பா, அசதியா, வேறு ஏதாவதா? நான் இருபது முறையாவது பார்த்திருப்பேன், ஒவ்வொரு முறையும் வேறு பதில் தோன்றுகிறது.

1874 கண்காட்சியில் வைத்தார், விற்கவில்லை. குடும்பத்திலேயே இருந்து 1930இல்தான் அரசு வாங்கியது.

ஏன் எப்பப் பார்த்தாலும் பொம்பளைங்க, குழந்தைங்க, தோட்டம்? வேற எதுவும் வரையத் தெரியாதா?

இந்தக் கேள்வியை அத்தை ஒருவர் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, பிறகு நியாயமான கேள்வி என்று பட்டது. தெகா நாடகக் கொட்டகையின் திரைமறைவுக்குப் போனார். மனே மதுக்கூடத்தில் உட்கார்ந்தார். ஓவியர்கள் மாலையில் கெர்புவா காப்பிக்கடையில் கூடி விவாதித்தார்கள். பெர்த் வகுப்புப் பெண் அங்கே போய் உட்கார முடியாது, தெருவில் தனியாக ஈசலோடு நிற்பதே பேச்சாகிவிடும். அவருக்குத் திறந்திருந்தவை வீடு, பால்கனி, தோட்டம், புலோன் வனத்தின் ஏரிப் படகு. இருந்த இடத்தை முழுக்க எடுத்துக்கொண்டார்.

அந்த வேலி அவருக்குத் தெரியாமலும் இல்லை. ஒரு பெண்ணைத் தனக்குச் சமமாக நடத்திய ஆண் எவனும் இருந்ததாக நான் நினைக்கவில்லை, நான் கேட்டிருக்கக்கூடியதும் அது ஒன்றைத்தான், அவர்களுக்கு நான் குறைந்தவள் இல்லை என்று எனக்குத் தெரியும் என்ற பொருளில் 1890இல் தன் குறிப்பேட்டில் எழுதினார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மார்மொத்தானில் ‘பூஜிவால் தோட்டத்தில் யூஜின் மனேவும் மகளும்’ (1881) என்று ஒரு படம். தோட்டத்து பெஞ்சில் அப்பா, அவர் மடியைப் பலகையாக்கிப் பொம்மை வைத்து விளையாடும் சின்னப் பெண். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அப்பா, வேலை செய்யும் அம்மா. அம்மா படத்தில் இல்லை, ஏனென்றால் தூரிகை அவர் கையில்.

பாதியில விட்டுட்டுப் போன மாதிரி இருக்கே? ஓரமெல்லாம் துணி தெரியுது!

பாதியில் விட்டவையும் உண்டு, ஆனால் நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலும் வேண்டுமென்றே நிறுத்தியது. மார்மொத்தானில் 1885இல் வரைந்த சுயசித்திரத்தின் முன் நில்லுங்கள். முகம் இருக்கிறது, நரை தட்டிய முடி இருக்கிறது, பார்வை நேராக வந்து இடிக்கிறது. கீழே போகப் போக உடை வெறும் கோடுகளாகக் கரைந்து, சுற்றிலும் வெறும் துணி. எது முக்கியமோ அதை முடித்துவிட்டார், மீதியை முடிப்பது அலங்காரம் என்று விட்டுவிட்டார்.

விமர்சகர்கள் இதற்காகத்தான் வறுத்தெடுத்தார்கள். 1876இல் ஒரு நாளிதழ் விமர்சகர், ஐந்தாறு பைத்தியங்கள் கூடியிருக்கிறார்கள், அதில் ஒருத்தி பெண் என்று எழுதினார். யூஜின் கொதித்துப்போனார், பெர்த் அவரை அமைதிப்படுத்தினார். கடந்து போகிறவற்றில் ஏதோ ஒன்றை, மிகச் சின்னது ஒன்றைப் பிடித்து வைப்பதோடு என் ஆசை நின்றுவிடுகிறது என்று பின்னாளில் எழுதி வைத்தார். கடந்து போகிற ஒன்றுக்கு ஓரம் வரைக்கும் மெருகேற்றிக்கொண்டிருக்க முடியுமா?

பால் நடனப் பொண்ணு படம் மார்மொத்தான்லயும் பார்த்தேன், ஓர்சேயிலயும் பார்த்தேன். ஒண்ணு நகலா?

இல்லை, இரண்டு வேறு படங்கள். மார்மொத்தானில் இருப்பது 1875இல் வரைந்தது. அந்தப் பெண் கையில் விரித்த விசிறி இருக்கும், உடை ஓரளவு தெளிவாக இருக்கும். ஓர்சே படம் நான்கு வருடம் பிந்தியது, மேலே சொன்ன அரசு வாங்கிய படம். அங்கே உடையும் பின்னால் இருக்கும் செடியும் ஒரே கை வேகத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் நான்கு வருடத்தில் கை எவ்வளவு தைரியமாகியிருக்கிறது என்று புரியும். அருங்காட்சியக வரிசை பற்றி நான் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

மார்மொத்தான் பெண்ணுக்கு ஒரு சாகசமும் உண்டு. 1985 அக்டோபரில் துப்பாக்கியோடு வந்த கும்பல் அங்கிருந்து ஒன்பது படங்களைக் கொண்டுபோனது. ‘இம்ப்ரஷன், சூரிய உதயம்’ என்ற மொனே படம், இயக்கத்துக்கே பெயர் தந்த அதே படம், அதில் ஒன்று. நம் விசிறிப் பெண்ணும் ஒன்று. ஐந்து வருடம் கழித்து, 1990 டிசம்பரில், கோர்ஸிகா தீவில் கிடைத்தன. எல்லா செய்தியிலும் மொனேதான் தலைப்பு.

மனேவோட அவங்களுக்கு... சரி, நேரா கேக்கறேன். குருவா, காதலரா?

குரு இல்லை. சந்தித்தபோது பெர்த் சலோனில் ஏற்கெனவே படம் வைத்தவர். மாடலாக இருந்தார், அதுவும் வீட்டுப் பெரியவர் துணைக்கு உட்கார்ந்திருக்க. ஓர்சேயில் ‘பால்கனி’யும், கறுப்பு உடையில் ‘ஊதாப்பூச் செண்டுடன் பெர்த் மொரிஸோ’வும் (1872) இருக்கின்றன. பத்துக்கு மேற்பட்ட முறை வரைந்தார் மனே. பெர்த் தம்பி மனைவியானதும் அது நின்றுவிட்டது. இந்த நிறுத்தத்தை வைத்துத்தான் கதைகள். காதலுக்குச் சான்றாக ஒரு கடிதம்கூடக் கிடைக்கவில்லை, கிடைக்காத இடத்தில் நாவல் எழுத எனக்கு விருப்பமில்லை.

உறவு சுமுகமாக மட்டும் இருந்ததும் இல்லை. 1870 சலோனுக்கு அம்மாவையும் எட்மாவையும் வைத்து ஒரு பெரிய படம் முடித்திருந்தார் பெர்த். யோசனை சொல்ல வந்த மனே, தூரிகையைத் தானே வாங்கி, பாவாடை ஓரத்தில் தொடங்கித் தலை வரை அம்மாவைத் திருத்திவிட்டார். வண்டி வாசலில் நிற்கிறது, படம் போயாக வேண்டும். சலோன் நிராகரித்தால் தேவலை என்று பெர்த் எட்மாவுக்கு எழுதினார். சலோன் ஏற்றுக்கொண்டது. அந்தப் படம் இப்போது வாஷிங்டனில்.

காசு கொடுக்காம எங்கயாவது பார்க்க முடியுமா?

ஷான்ஸ் எலிஸே பக்கம் பெத்தி பலே. நகராட்சி அருங்காட்சியகம், நிரந்தரத் தொகுப்புக்கு எப்போதும் கட்டணம் இல்லை. அவர்களிடம் ‘பூங்காவில்’ என்ற பேஸ்டல் ஓவியம் இருக்கிறது. பேஸ்டல் மங்கும் வகை என்பதால், மேலே காகிதப் படங்கள் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும். கிடைக்காவிட்டால் உள்முற்றத்தில் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள், நஷ்டமில்லை. இதுவும் திங்களன்று மூடல்.

ஒராஞ்சரி அருங்காட்சியகத்துக்கு இவருக்காகப் போக வேண்டாம். அங்கே அவர் படம் இல்லை.

எங்களுக்குத் திங்கட்கிழமை மட்டும்தான் இருக்கு. ஒண்ணும் வழியில்லையா?

படம் இல்லாமல் ஒரு நடை போகலாம். ஒப்பேரா பக்கத்தில் காப்புசின் பெரும்சாலை 35ஆம் எண்: 1874 கண்காட்சி நடந்த, புகைப்படக்காரர் நதாரின் பழைய ஸ்டூடியோ இருந்த இடம். பிறகு பதினாறாம் வட்டாரத்தில் போல் வலேரி தெரு. அப்போது வில்ஜூஸ்ட் தெரு என்று பெயர், 40ஆம் எண்ணில் பெர்த்தும் யூஜினும் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். அவருடைய அக்கா மகளைக் கட்டிய கவிஞர் வலேரி பின்னால் அதே வீட்டில் வாழ்ந்ததால் தெருவுக்கு அந்தப் பெயர் வந்தது. பெர்த் பெயர் வரவில்லை.

கடைசியாக த்ரொகாதெரோ பக்கத்தில் பாஸி கல்லறைத் தோட்டம். நுழைவு இலவசம். மனே குடும்பக் கல்லறையின் மேல் எதுவாரின் வெண்கலத் தலை நிற்கும். அவர் பெயருக்குக் கீழே இவர் பெயரைத் தேடுங்கள்: ‘பெர்த் மொரிஸோ, யூஜின் மனேயின் விதவை’. ஓவியர் என்று இல்லை. இறப்புச் சான்றிதழில் தொழில் எதுவும் இல்லை என்றே எழுதினார்கள். அடுத்த மார்ச்சில், தெகாவும் மொனேவும் ரெனுவாரும் மல்லார்மேவும் ஜூலியோடு சேர்ந்து, தொழிலில்லாத அந்தப் பெண்ணின் ஏறத்தாழ நானூறு படைப்புகளைத் தங்கள் கையாலேயே மாட்டிக் கண்காட்சி வைத்தார்கள்.

பசங்க கூட வராங்க. அவங்களுக்குப் போரடிக்காதா?

ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் கண்டிப்பாக அடிக்கும், நமக்கே அடிக்கும். நான் செய்கிற தந்திரம் ஜூலியைத் தேடச் சொல்வது. குழந்தையாக, சிறுமியாக, நாயோடு நிற்கும் பெண்ணாக மார்மொத்தான் முழுக்க அவள் வளர்கிறாள். 1893இல் வரைந்த நாய்ப் படத்தில் அவள் இருண்ட உடையில் இருப்பாள், பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. அப்பா போன மறுவருடம். நாயின் பெயர் லயெர்த், மல்லார்மே கொடுத்தது. படம் முடிந்ததும் எதிரே ரானெலா பூங்காவில் ஓட விடுங்கள்.

இவங்களைத் தவிர வேற பெண் ஓவியர்கள் அந்தக் கூட்டத்துல இல்லையா?

இருந்தார்கள். அமெரிக்கரான மேரி கஸாட், கணவரின் எதிர்ப்பால் ஒரு கட்டத்தில் தூரிகையைக் கீழே வைத்த மரி பிராக்மோன். இருவரும் குழுவோடு காட்சிக்கு வைத்தவர்கள். மனேவின் உண்மையான மாணவி என்றால் அது ஏவா கொன்ஸாலேஸ், ஆனால் அவர் இந்தக் கண்காட்சிகளில் சேரவில்லை. மூவரின் படங்களும் ஓர்சேயில் உண்டு.

எல்லாம் சரி. ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் இருக்கு. எதைப் பார்க்கட்டும்?

எல்லாரும் ‘தொட்டில்’ என்பார்கள். நான் ‘வைட் தீவில் யூஜின் மனே’ என்பேன். 1875, மார்மொத்தான். கல்யாணம் முடிந்து இங்கிலாந்துக்குப் போன இடத்தில் வரைந்தது. வாடகை அறையின் ஜன்னல் ஓரம், நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து வெளியே பார்க்கும் புருஷன். ஜன்னலில் மெல்லிய திரை, பூந்தொட்டிகள், வெளியே வேலிக்கு அப்பால் ஒரு பெண்ணும் சிறுமியும், அதற்கும் அப்பால் துறைமுகப் படகுகள். கட்டங்கட்டமாக எத்தனை அடுக்கு என்று எண்ணிப் பாருங்கள்.

மனே பல மணி நேரம் பெர்த்தை உட்கார வைத்து வரைந்தவர். இங்கே மனே வீட்டு ஆண் உட்கார்ந்திருக்கிறார், பெர்த் நிற்கிறார். யூஜினுக்குப் பொறுமை இல்லை. உன் இடத்தில் இப்போது பாவம் யூஜின் உட்காருகிறார், உன் அளவுக்கு ஒத்துழைக்கிற ஆள் இல்லை, கொஞ்ச நேரத்திலேயே சலித்துவிடுகிறார் என்று எட்மாவுக்குக் கடிதம் போனது. அந்தத் தோளைப் பாருங்கள், எந்த நிமிஷமும் எழுந்துவிடுவார்போல இருக்கும்.